முந்திக்கொண்ட மாலை

தோட்டத்துப் பெண் பஞ்சாலைக்கு டென்னிஸ் தெரியாது. மகள் ரோகினி ஜெயித்தால் மாலை போட வேண்டும், அது மட்டும் நன்றாகத் தெரியும். தோட்டத்துக் காற்பந்து ஆட்டத்தில் விசில் ஊதி முடிப்பதற்குள் திடலில் பாய்ந்து மாலை போடுகிற ஜனம் அல்லவா! அதே சூட்டோடு, செம்பனைக்காட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டமே பஸ் பிடித்துக் கோலாலம்பூரில் வந்து இறங்கியிருந்தது.

தேசிய மகளிர் இறுதி ஆட்டம். ரோகினிக்குப் பதினேழு வயது. மானேஜர் பங்களாவுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த கோர்ட்டில் ஆடிப் பழகியவள். தகுதிச் சுற்றில் தொற்றிக்கொண்டு வந்தவளை யார் சீந்தினார்கள்? எதிரே நின்றவளோ நாட்டின் முதல் ஆட்டக்காரி. "சீக்கிரம் முடிஞ்சிடும் லா" என்று பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அவன் வாயில் மண்ணைப் போட! ஆளுக்கொரு செட் ஆகி, மூன்றாவதில் ரோகினிதான் முன்னால் நின்றாள்.

"இன்னும் ஒரே பாயிண்ட், அண்ணி!" என்றான் கொழுந்தன் சசிதரன்.

எதிராளி அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. ரோகினி அதைத் திருப்பி அடித்த அதே நொடியில் "அவுட்!" என்று கோட்டு நடுவரின் குரல். அவ்வளவுதான். பஞ்சாலை தடுப்பைத் தாண்டி ஓடி, மகள் கழுத்தில் மாலையைப் போட்டே விட்டாள்.

உயர நாற்காலியில் இருந்த தலைமை நடுவர் கையை உயர்த்தினார். பந்து கோட்டில் பட்டதாம். அந்தப் பாயிண்டை மறுபடி ஆட வேண்டுமாம். அரங்கமே சிரித்தது. பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ, பிள்ளை ஜெயிக்கிற நேரத்தில் நானே குறுக்கே விழுந்து கெடுத்துட்டேனே!

ரோகினி மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "போய் உக்காரும்மா" என்றாள். கோபமா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பாயிண்ட் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பஞ்சாலை குனிந்த தலை நிமிரவில்லை. பந்து அடிபடும் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் சசிதரன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணி, ஜெயிச்சிட்டா! நெசமாவே ஜெயிச்சிட்டா!"

வலைக்கு மேல் இருவரும் கைகுலுக்குவதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை.

மைக்கை நீட்டிய டிவிக்காரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நடுவுல ஓடி வந்தாங்களே, யார் அந்த அம்மா?"

ரோகினி சிரிக்கவில்லை. "எங்கம்மா. நான் ஜெயிப்பேன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சது அவங்களுக்கு மட்டும்தான்."

அரங்கமே திரும்பிப் பார்க்க, பஞ்சாலை எழுந்து நின்று கத்தினாள்: "எம் பொண்ணு லா அது!"