ஆறாம் பக்கத்தில் எவாந்தியா

1983 நவம்பர் 9, புதன்

இன்று கண்டுபிடித்த தவறு: திங்கட்கிழமை என்னிடம் தரப்பட்ட ஒரு சீட்டை நான் அச்சுக்கோப்பவரிடம் சேர்க்கவில்லை. ஒன்றரை வரிச் செய்தி.

அன்றைய தவறை முதலில் எழுத வேண்டும், சமாதானம் சொல்லாமல் எழுத வேண்டும் என்பது நான் போகும் பத்திரிகைத் தொழில் மாலை வகுப்பின் நாட்குறிப்பு விதி. ‘சிறிய தவறு’ என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு ‘சிறிய’ என்பதை அடித்துவிட்டேன்.

‘வளைகுடா’ வார இதழின் ஆறாம் பக்கம் பத்து வாரமாக என் பொறுப்பு. அந்த வாரம் எந்தப் புனிதரின் நாள், அந்தப் பெயர்கொண்டவர்களில் யார் வீட்டில் விருந்தினரை வரவேற்கிறார்கள், துக்கத்தினால் யார் வரவேற்கவில்லை என்பதெல்லாம் அதில் வரும். தன் பெயருடைய புனிதரின் நாளான பெயர்நாளுக்கு எங்கள் வோலோஸ் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. இனிப்புப் பெட்டியோடு போய் மணியை அழுத்த வேண்டியதுதான். அதனால் கிளம்புவதற்கு முன் ஆறாம் பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். சென்ற ஆண்டின் பட்டியலை அப்படியே எடுத்து, புதிதாக வந்த சீட்டுகளை வைத்துத் திருத்துவது எங்கள் அலுவலக வழக்கம்.

திங்கள் மதியம் துறைமுகத்தில் படகுச் சாயமும் கயிறும் விற்கும் மீனாஸ் லாஸ்காரிஸ் வந்தார். சட்டைக் கையில் கறுப்புப் பட்டி. ‘இந்த ஆண்டு கொண்டாடவில்லை, விருந்தினரை வரவேற்கவில்லை’ என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். அதுவரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது, அச்சுக்கூட வாசலில் என் கையில் வேறு தாள்கள் இருந்தது மட்டும்தான்.

அந்தச் சீட்டு இன்று மதியம் ஒரு அடுப்பு விளம்பரத்தின் பின்பக்கத்தில் பசையோடு ஒட்டியபடி கிடைத்தது. அதற்குள் இதழ் கடைகளுக்குப் போய்விட்டது. ஆறாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘நவம்பர் 11, புனித மீனாஸ். திரு மீனாஸ் லாஸ்காரிஸும் திருமதி எவாந்தியாவும் மாலை ஆறு மணி முதல் தங்கள் இல்லத்தில் வரவேற்பார்கள்.’

எவாந்தியா ஆகஸ்ட் மாதம் இறந்துவிட்டார்.

அச்சுக்கோக்கும் ஸீஸிஸ்தான் முதலில் என்னைப் பார்த்தார்.

“என்ன தாயி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, இதழைப் புரட்டி ஆறாம் பக்கத்துக்கு வந்தார். மெல்ல விசில் அடித்தார்.

“செத்தவங்கள எழுப்பி விருந்து வைக்கச் சொல்லிட்டியே. நம்ம பாதிரியாராலகூட இது ஆகாது.”

“சிரிக்காதீங்க அண்ணே.”

“சரி, சிரிக்கல. எப்படி ஆச்சு?”

“தெரியல.”

“தெரியலன்னு மட்டும் மேடம்கிட்ட சொல்லிடாத. அவங்களுக்குப் புடிக்காத ஒரே வார்த்த அது. என் தலையில போடு. சீட்டு வந்துச்சு, ஸீஸிஸ் குடிச்சுட்டு எங்கயோ வச்சுட்டான்னு சொல்லு. இருபத்தேழு வருஷமா என்னை வெளிய தள்ளப் பாக்குறாங்க, தொழிலாளர் சங்கம் விடல. உன்னத் தள்ள ஒரு நிமிஷம் போதும்.”

அவர் சொன்னது உண்மை. என் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இதழாசிரியர் வ்ரெட்டூ மேடம் ஏதென்ஸுக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமை திரும்பியதும் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று சொல்வதாகப் பேச்சு.

எப்படி ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதலாம், இதை யாரும் படிப்பதில்லை. எனக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. கீழே விழுகிற வகை அல்ல. கண் திறந்திருக்கும், கை நின்றுபோகும், சில சமயம் கால் தானாக நடக்கும். நான் மட்டும் இருக்க மாட்டேன். அரை நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். பள்ளிக்கூட அலுவலக வேலை அதனால்தான் போனது. மாத்திரைகளால் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அம்மா முழுக்கக் குணமாகிவிட்டது என்று நம்புகிறாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பெண் என்று கேலி செய்கிறார்கள். காரணம் இதுதான்.

பத்து வாரத்தில் செய்தவை: ஆறாம் பக்கம் பத்து முறை. படகோட்டிகள் சங்கத்தைப் பற்றி அரைப் பக்கம், பெயர் இல்லாமல். வாசகர் கடிதங்களில் நாற்பதைத் திருத்தியது. அடுத்த ஆண்டுக்குள் ஏதாவது ஒன்றின் கீழே ‘அஸிமினா கோர்டா’ என்று என் பெயர் வரும் என்று இன்னமும் நினைக்கிறேன். இன்று அப்படி நினைப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் நினைக்கிறேன்.

நவம்பர் 10, வியாழன்

இன்றைய தவறு: காலையிலேயே மீனாஸ் ஐயாவிடம் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கு முன் சரிசெய்ய ஊர் நாளிதழில் அறிவிப்புப் போடப் போய், அங்கே ஒரு மணி நேரம் வீணாயிற்று. துக்க அறிவிப்பு என்றால் குடும்பத்தாரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஆக, கடைக்கே போனேன்.

மீனாஸ் ஐயா கயிறு அளந்துகொண்டிருந்தார். மேசையில் எங்கள் இதழ் ஆறாம் பக்கம் தெரியும்படி மடித்துக் கிடந்தது.

“வந்துட்டியா? காலையிலேருந்து நாலு பேர் பல்லாண்டு வாழ்கன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் எவாந்தியாவோட ஆரஞ்சுத் தோல் இனிப்பு இருக்குமான்னு கேக்குறான்.”

“மன்னிச்சுக்குங்க ஐயா. என் தப்பு.”

“நான் சொன்னேன், நீ எழுதின. என் கண்ணு முன்னாடி எழுதின. நானும் கவனமாத்தான் சொன்னேன், அந்த வார்த்தைங்க அவ்ளோ சீக்கிரம் வாயில வரல எனக்கு. அப்புறம் என்ன ஆச்சு? அச்சுக்காரன் தொலைச்சானா?”

ஸீஸிஸின் பெயர் நாக்கு வரை வந்தது.

“இல்ல. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கல.”

“ஏன்?”

அவர் கயிற்றை வெட்டி முடித்து, முனையை மெழுகில் தோய்த்தார். நாளிதழுக்கான தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“ஒரு பத்திரிகை பட்டது போதும். நாளைக்கு ஆறு மணிக்கு ஜனங்க வருவாங்க. மாடி ஏறி வந்து என் முகத்தப் பாத்து அவங்க முழிக்க வேணாம். நீ கீழ வாசல்ல நில்லு. ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே சொல்லு.”

“சரிங்க ஐயா.”

“கூட யாரையும் கூட்டிட்டு வராத.”

கூட்டிக்கொண்டு போக எனக்கு யார் இருக்கிறார்கள்? அதை அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11, வெள்ளி

இன்றைய தவறை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய கட்டட வாசலில் நின்றேன். கடலிலிருந்து ஈரக் காற்று. முதலில் வந்தது ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாளின் கோட்டில் நரித்தோல் கழுத்துப்பட்டை, கையில் பெரிய கேக் பெட்டி.

“என்னம்மா வழியில நிக்கிற, லிஃப்ட் ஓடலையா?”

“ஐயா இன்னிக்கு யாரையும் பாக்கலைங்க. எவாந்தியாம்மா ஆகஸ்ட்ல தவறிட்டாங்க.”

“அதெப்படி? பத்திரிகையில போட்டிருக்கே!”

“தப்பா வந்துடுச்சு. போட்டது நான்தான்.”

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா? செத்துட்டாங்கன்னு மார்க்கெட்ல பேசிக்கிட்டாங்கன்னு சொன்னேன். நீதான் பத்திரிகை பொய் சொல்லாதுன்ன.”

“கொஞ்சம் வாய மூடுங்க. இந்த கேக்க என்ன பண்றது?”

“உன் தம்பி வீட்டுக்குப் போவோம்.”

“அவன் பேரு மீனாஸா?”

“கேக்குக்கு அது தெரியவா போகுது?”

அவர்கள் போன பிறகு சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தெருவில் யாரும் இல்லை.

பதினான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். நான் சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிரில் ஒரு முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. சிலர் திட்டினார்கள். அது எளிதாக இருந்தது. துறைமுகச் சுமைக்காரர் ஒருவர் செவ்வந்திச் செடியோடு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“போன மாசமே காதுல விழுந்துச்சு,” என்றார். “புதன்கிழமை உங்க பத்திரிகையைப் பாத்தேன். அப்பாடா, யாரோ புரளி கெளப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாளா சந்தோஷமா இருந்தேம்மா.”

தொட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் நினைவில் இருப்பது மீனாஸ் ஐயாவின் முகம். என் எதிரே, மிக அருகில். என் கையில் ஒரு சாக்லெட் பெட்டி இருந்தது. யார் தந்தார்கள் என்று தெரியவில்லை. மேலே கதவு திறந்து கிடந்தது, மாடிப்படியில் விளக்கு எரிந்தது.

“எவ்ளோ நேரமா?” என்று கேட்டார்.

“பதினஞ்சு வயசுலேருந்து.”

“அதக் கேக்கல. நான் எவ்ளோ நேரமா உன் முன்னாடி நிக்கிறேன், தெரியுமா? மூணு தடவ கூப்பிட்டேன். மேல ரெண்டு குடும்பம் வந்து மணி அடிச்சுட்டுப் போயாச்சு. ‘கீழ ஒரு பொண்ணு நிக்குது, பெட்டிய வாங்கிக்கிச்சு, ஒண்ணும் பேசல’ன்னாங்க.”

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளில் எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை.

“திங்கக்கிழமையும் இதுதானா?”

“ஆமாங்க.”

அவர் படியில் உட்கார்ந்தார். செவ்வந்தித் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு...”

“அதுவும் சரிதான். ரெண்டு நாளா உன்மேல இருந்த கோவத்துல எனக்கு வேற எதுவும் தோணல. ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஆகஸ்ட்டுக்கு அப்புறம் இதான் முதல் தடவ. இப்ப அதையும் வந்து எடுத்துட்ட.”

அது கேலியா என்று எனக்குப் புரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை.

“உங்க ஆசிரியம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியணும். இன்னிக்கு நான். அடுத்து வேற யாரோ. நான் போய்ச் சொல்ல மாட்டேன், அது உன் பாடு. திருத்தம் போடுவீங்கல்ல? போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டு. அவ பேர்ல ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது.”

எழுந்து மேலே போனார். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பது கதவு சாத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மணி வரை நின்றேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நவம்பர் 12, சனி

இன்றைய தவறு: மேடத்தின் அறைக்குள் போகும் முன் நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே போனதும் மூன்றாவது வரியிலிருந்து தொடங்கிவிட்டேன். முதலில் நோயைச் சொல்லிவிட்டுப் பிறகு சீட்டைச் சொன்னேன். ஆகவே சாக்கு மாதிரியே ஒலித்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“மீனாஸ் ஐயாவுக்கு. நேத்து அவர் முன்னாடியே வந்துடுச்சு.”

“ஊர்ல கயிறு விக்கிறவருக்குத் தெரியும். உன் ஆசிரியருக்குத் தெரியாது. நல்லா இருக்கு.”

மேடம் மேசையிலிருந்த இதழைத் தன் பக்கம் இழுத்தார்.

“ஸீஸிஸ் காலையிலயே வந்து, தான்தான் தொலைச்சதா ஒரு கதை சொல்லிட்டுப் போனான். அந்த ஆளுக்குப் பொய் சொல்லவும் வராது. நீ வந்து என்ன சொல்லப்போறன்னுதான் உக்காந்திருந்தேன்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆறாம் பக்கம் இனிமே உனக்கு இல்ல.”

“சரி, மேடம்.”

“முழுசாக் கேளு. யார் செஞ்சாலும் இனிமே அந்தப் பக்கத்த ரெண்டு பேர் பாக்கணும். போன வருஷப் பட்டியல்லேருந்து எடுக்கிற வழக்கத்தக் கொண்டுவந்தது நான்தான், அந்தப் பங்கு எனக்கு. ஆனா முதல் வாரமே நீ சொல்லியிருந்தா, அந்த மனுஷன் வீட்டு மணிய நேத்து யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. அது உன் பங்கு.”

“ஆமாம், மேடம்.”

“கடிதங்களப் பாரு. துறைமுகம் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொண்டா, பாக்குறேன். சோதனைக் காலம் ஜனவரி கடைசி வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“கேக்காத. எனக்கே தெரியல.”

தனக்குப் பிடிக்காத வார்த்தையை அவரே சொன்னார். நான் கவனித்ததை அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தபோது ஸீஸிஸ் அரைநாள் விடுப்பில் போயிருந்தார். எள் ரொட்டி ஒன்று வாங்கி, கடலோரம் முழுக்க நடந்து, அறைக்கு வந்தேன். வீட்டுக்காரர்களின் வானொலி சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை போகவில்லை என்று சத்தமாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அறையில் அது விசித்திரமாக ஒலித்தது. நாளை மாலை அம்மா தொலைபேசியில் பேசுவாள். முழுக்கக் குணமாகவில்லை என்று அவளிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் வரிகள் எழுதவில்லை.

வேலை போகவில்லை. பதினொன்றாவது வாரம் உண்டு. துறைமுகம் பற்றிய பக்கம் நன்றாக வந்தால் என் பெயர் போடலாமா என்று கேட்பேன். கேட்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: திருத்தம் முதல் பக்கத்தில் வருகிறது, மூன்று வரிக்கு மிகக் கூடாது. காலையில் எழுதி, பதினொரு மணிக்கு, வழிபாடு முடிந்த பிறகு, மீனாஸ் ஐயாவிடம் படித்துக் காட்ட வேண்டும். எவாந்தியாவின் பெயரை அவர் முன்னால் எழுத்துக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும்.