பிளக் யார் கையில்

1

ஒரு மனிதன் செய்யக்கூடிய வேலைகளிலேயே மிகவும் பயனற்றது, சுவரிலிருந்து உருவிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கவிதை எழுதுவதையும் சேர்த்தே சொல்கிறேன். உருவிய பிளக் என்பது இறந்துபோன பொருள். அதற்குக் காவல் தேவையில்லை. இதை முழு அறிவியல் பொறுப்புடன் அறிவிக்கிறேன். நான் உத்தமபாளையத்தில் இயற்பியல் படிக்கிறேன். அரியர்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேன்.

இந்தக் கதை மேற்கண்ட அறிவிப்பிலிருந்துதான் பிறந்தது. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு கேலித் துணுக்காக எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், துணுக்குக்குள் நாற்காலி போட்டு என் அத்தா உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிவிட்டு மேலே எழுத முடியவில்லை. துணுக்கு கதையாகிவிட்டது. மன்னிக்கவும்.

(வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அத்தையும் உண்டு. ஆனால் அவரை உள்ளே விட்டால் கதை அவருடையதாகிவிடும்.)

2

முதல் தொடக்கம், கைவிடப்பட்டது:

'மேற்குமலையின் தோளில் மேகங்கள் சாய்ந்திருந்த ஒரு காலையில், திராட்சைப் பந்தல்களின் பச்சை நிழலினூடே—'

எங்கள் வீட்டிலிருந்து மலை தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியும்.

இரண்டாம் தொடக்கம், இதுவும்:

'வாக்குவம் கிளீனர் என்பது நவீன மனிதனின் அகவெறுமையை—'

இதைத் தட்டும்போது போனே ஒரு தரம் அணைந்து எரிந்தது.

மூன்றாவது: எங்கள் வீட்டில் விளக்கமாறு கிடையாது.

இது நிற்கும் போலிருக்கிறது. காரணமும் உண்டு. அத்தாவுக்கு மூச்சிழுப்பு. அவர் பெயர் ஷரீப். கம்பத்தில் தவிடு, புண்ணாக்கு விற்கிறார். தூசு ஆகாத மனிதர் உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்கத் தவிட்டைத் தேர்ந்தெடுத்தார். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவரோடு கடையும் கொஞ்சம் நுழையும். பெருக்கினால் தூசு எழும்பும், எழும்பினால் இழுக்கும் என்று தேனி டாக்டர் சொன்ன வாரமே மஞ்சள் நிறத்தில் ஒரு வாக்குவம் கிளீனர் வந்தது. உருண்டை உடம்பு, நீளமான குழாய், அடியில் சக்கரம். அன்றிலிருந்து அதன் பெயர் யானை.

யானையை ஓட்டுவது, கழற்றுவது, கழுவுவது, மாட்டுவது எல்லாம் அம்மா. மெகருன்னிசா என்ற பெயரைத் தெருவே மெகரக்கா என்று சுருக்கி வைத்திருக்கிறது. அம்மா யானையைக் கழற்ற உட்காரும் ஒவ்வொரு முறையும் அத்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார். யானையின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி வலது கையில் மூடிக்கொண்டு உட்காருவார். அம்மா கடைசித் திருகாணியைப் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். போன் வந்தால் இடது கையால் எடுப்பார். உதவ மாட்டார்.

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கும்.

"என்ன பாய், தூண்டியப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீக? மீனு எதும் கடிச்சுச்சா?"

"இன்னும் இல்ல தாயி" என்பார் அத்தா.

3

இதுவரை எழுதியதை மதன்குமாருக்கு அனுப்பினேன். மதன் என் வகுப்புத் தோழன், கோம்பைக்காரன். அவன் ஊர் நாய்களைப் போல இலக்கியத்தில் அவனுக்கும் பிடித்தால் விடாத குணம்.

"மாப்ள, ஒங்கத்தா கேரக்டர் வெயிட்டாவே இல்லியே. ஒரு மனுசன் கதையில ஏதாச்சும் செய்யணும்ல?"

"அவுக நெசமாவே ஒண்ணும் செய்ய மாட்டாகடா."

"அப்ப அவர எடுத்துட்டு ஒரு நாயப் போடு."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. எனவே அத்தாவைச் சில விதமாக மாற்றிப் பார்த்தேன். ஓர் அத்தா யானையைத் தானே கழற்றினார். அம்மா சிரித்துவிட்டதால் அவரை நீக்கினேன். இன்னோர் அத்தா துபாயிலிருந்து போன் பேசினார். எங்கள் அத்தா குமுளியைத் தாண்டினாலே பாதி மலையாளம் பேசித் திரும்பிவிடுவார். மூன்றாவது அத்தா இறந்துவிட்டார்—

இல்லை. அந்தப் பத்தியை எழுதவில்லை. வாக்கியம் நின்ற இடத்தில் அந்தச் சின்னக் கோட்டை மட்டும் விட்டு வைக்கிறேன்.

இதற்கிடையில் கதைக்கு வெளியே கதை முற்றிவிட்டது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட நாளிலிருந்து யானையை யாரும் திறக்கவில்லை. அதன் பை நிரம்பி, வடிகட்டி அடைத்து, மோட்டார் சூடேறி, ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. அம்மா இடது கையால் ஈரத்துணி வைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஜமக்காளத்துக்கு ஈரத்துணி ஆகாது. அத்தா மூச்சு விடும்போது சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். சாப்பிடும்போதுகூடக் கேட்கிறது. அதை மறைக்க டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார். செய்தியைவிட அந்தச் சத்தம்தான் எனக்குக் காதில் விழுகிறது.

"ஞாயித்துக்கெழம நானே கழட்டுறேன்" என்றேன். "பிளக்கப் புடிக்கல்லாம் ஆளு வேணாம்."

அத்தா டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார்: "நாக்காலி ரெடியா இருக்கு."

4

ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று ஆசிரியனுக்குத் தெரியாவிட்டால் பாத்திரத்திடம் கேட்க வேண்டும். பாத்திரம் வாய் திறக்காது என்றால் அதன் மனைவியிடம்.

"ஏம்மா, அத்தா எதுக்கும்மா எப்பப் பாரு பிளக்கப் புடிச்சுக்கிட்டே இருக்காக?"

"கதைக்குக் கேக்குறியா, தெரிஞ்சுக்கக் கேக்குறியா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப ரெண்டு வெங்காயத்த உரிச்சுக்கிட்டே கேளு."

உரித்தேன். அம்மா சொன்னாள்.

"யான வந்த புதுசு. கரண்டு போயிருந்துச்சு. சரி, சும்மாருக்குற நேரந்தானேன்னு அதக் கழட்டிட்டு உள்ள கைய விட்டு, காத்தாடியில சுத்துன முடிய எடுத்துக்கிட்டு இருந்தேன். வயரு கீழ கெடந்துச்சு. ஒங்கத்தா தொழுதுட்டு வந்தாக. காலுல தட்டுச்சு. யாரும் தடுக்கி விழுந்துறக் கூடாதேன்னு எடுத்துச் சொருகிட்டாக."

(எங்கள் தெரு வழக்கம்: கரண்ட் போனால் எந்தச் சுவிட்சையும் அணைக்க மாட்டோம். அணைத்தால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? தெருவே எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கும். வந்ததும் பேன், டி.வி., மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கத்தும்.)

"சுவிச்சு போட்டா இருந்துச்சு?"

"சொவத்துலயும் போட்டுத்தான் கெடந்துச்சு. யான மேலயும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கத்திரிக்கோல எடுக்கணும்னு கைய வெளிய எடுத்தேன். கரண்டு வந்துச்சு. அது பாட்டுக்கு ஓடுச்சு."

"விரலு?"

"விரலுக்கு என்ன? இந்தா இருக்குல்ல." மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஆட்டிக் காட்டினாள். ஒன்றும் குறையவில்லை. நகத்தில் பழைய மருதாணி.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒண்ணுமே நடக்கல."

"அத்தா என்ன சொன்னாக?"

"பிளக்க உருவுனாக. கையில வச்சுக்கிட்டு ஒக்காந்தாக. ரெண்டு நாளு சோறே எறங்கல. ஒண்ணும் ஆகலியே, எதுக்கு இப்புடி இருக்கீகன்னு கேட்டேன்." அம்மா வெங்காயத் தட்டைப் பார்த்தாள். "உரின்னா தோல மட்டும் உரி. பாதி வெங்காயத்தக் குப்பையில போட்டுருக்கே."

5

இந்தச் சம்பவத்தில் ஒரு குறை இருப்பதை வாசகர் கவனித்திருப்பார். உச்சக்கட்டம் இல்லை. கரண்ட் சரியான நேரத்துக்கு வரவில்லை. கதைகளுக்குச் சரியான நேரம் என்பது மனிதர்களுக்குத் தவறான நேரம். ஆசிரியன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் முன்னால் வரவழைக்க எனக்கு அதிகாரம் உண்டு.

வரவழைத்துப் பார்த்தேன்:

'அப்போது திடீரென்று விளக்குகள் எரிந்தன. அம்மாவின்—'

'தெருவே சத்தத்தோடு விழித்துக்கொண்டது. உள்ளே இருந்த அம்மாவின்—'

'அம்மாவின்—'

மூன்று வாக்கியமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. தாண்ட மறுக்கின்றன. எனக்கு எழுத வராதது இது முதல் தடவை இல்லை. ஆனால் எழுத வந்தும் கை போகாதது முதல் தடவை.

மதனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'எங்கத்தா ஒண்ணும் செய்யாத கேரக்டர் இல்லடா. அவுகளும் முடிவு எழுதிப் பாக்குற ஆளுதான். நடக்காத ஒரு முடிவ மனசுல எழுதிட்டாக போல. இன்னும் அத அடிச்சு அழிக்க முடியல.'

அவன் ஒரு நாய்ப் படத்தை அனுப்பினான். சோகமாக இருந்தது. நாயைச் சொல்கிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளி. தூசுப் பையை வீட்டுக்குள் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் போர்டு பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில்.

அத்தா நாற்காலி, துண்டு, பிளக்கோடு அமர்ந்தார். நான் ஸ்குரு டிரைவரோடு அமர்ந்தேன். என் கைகளை இரவல் வாங்கியவளைப் போல அம்மா எனக்குக் கட்டளையிட்டாள்.

"மொதல்ல பைய எடு. உதறாத! மெதுவா கவருக்குள்ள எறக்கு. இப்ப வடிகட்டி. அதத் தட்டாத, தண்ணியில நனை. மோட்டாரு பக்கம் சொட்டுத் தண்ணி போச்சு, அப்புறம் ஒனக்குச் சோறு கெடையாது."

வடிகட்டியிலிருந்து ஒரு சிறிய தவிட்டுக் கடை இறங்கியது. அலசி நிழலில் காயவைத்தேன். நன்றாகக் காயாமல் மாட்டினால் மோட்டார் கெட்டுவிடும். எனவே இந்தக் கதைக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் யானைக்கு அவசரம் கிடையாது. குழாய்க்குள் கம்பை விட்டுத் தள்ளியதில் முடியும் பஞ்சும் உருண்டு ஒரு பெரிய கொழுக்கட்டையாக வெளியே விழுந்தது. விழுந்து உடைந்தது. தூசு எழும்பியது.

அத்தாவுக்கு இருமல் பிடித்தது.

"நீங்க அங்கன போங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? சுப்புத்தாய் வீட்டு வாசல்ல போயி ஒக்காருங்க. மருந்த இழுங்க."

எழுந்தார். பிளக்கைப் பிடித்தபடியே வாசல் பக்கம் நடந்தார். வயர் நீண்டது, விறைத்தது. அவர் போக முடிந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு மேலும் ஓர் அடி வைத்தார். சக்கரம் வைத்த யானை, வயிறு திறந்த நிலையில், அவர் பின்னால் மெல்ல உருண்டது.

"அத எங்க கூட்டிப் போறீக?" அம்மா சிரித்துவிட்டாள். "மேய்ச்சலுக்கா?"

அத்தாவுக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த டியூப் சத்தம் இப்போது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மறைக்க டி.வி. இல்லை.

மோட்டார் மூடியின் எல்லாத் திருகாணிகளையும் நான் அதற்குள் கழற்றியிருந்தேன். காத்தாடியைச் சுற்றி இறுகியிருந்த முடியை எடுக்க என் விரல் நுழையவில்லை. அம்மா தன் இடது கையை உள்ளே விட்டிருந்தாள். எனக்கு வேலை இல்லை.

அத்தா கையை நீட்டினார். மூச்சு வாங்கியதால் ஒரே சொல்தான் வந்தது.

"புடி."

உருவிய பிளக் இறந்துபோன பொருள் என்பதை அவருக்கு விளக்கியிருக்கலாம். மின்சுற்று, எதிர்முனை என்றெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தாளில் அரியர்கூட இல்லை.

பிளக் சூடாக இருந்தது. கரண்ட்டால் அல்ல.

7

இந்தப் பகுதியை ஒற்றைக் கையால் தட்டுகிறேன். அதுவும் இடது கை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அத்தா பக்கத்து வீட்டு வாசலில் இருக்கிறார். மருந்தை இழுத்துவிட்டார். "தூண்டிய ஒங்க மகன்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டீகளா?" என்று சுப்புத்தாய் அக்கா கேட்பது இங்கே கேட்கிறது. அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. ஆனால் டியூப் சத்தமும் கேட்கவில்லை.

முடிவுகளுக்கு வருவோம். ஒன்று: வடிகட்டி காய்ந்து, பூட்டி, யானை பிளிறுகிறது, வீடு சுத்தமாகிறது. இரண்டு: ஓடவில்லை, தேனிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். மூன்று: ஒரு திருகாணி மிச்சமாகி—

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி இன்னும் ஈரமாக இருக்கிறது. அதனால் எனக்கும் தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த முடிவை ஓட்டிப் பார்ப்பதானாலும் அம்மா கையை வெளியே எடுத்த பிறகு ஓட்டுங்கள்.

"அங்கன என்னடா நோண்டிக்கிட்டு இருக்கே?" அம்மா தலையைத் திருப்பாமல் கேட்கிறாள்.

"கதைம்மா."

"பிளக்கு?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

அம்மா கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள்.