நாலு மாதம் தள்ளி வந்த ஒப்பாரி

ஒன்பது வயது ஜெபத்துரை டைபாய்டில் இறந்த அன்று, அவனுடைய அம்மா ஞானசெல்வி அழ வாயைத் திறந்தாள். கணவர் வேதமாணிக்கம் அந்த வாயைத் தன் கையால் மூடினார்.

காரணம் இருந்தது. அவர் ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். சபைக் கமிட்டியின் செயலாளர். கிறிஸ்தவர் வீட்டில் ஒப்பாரி கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். தினமும் வீட்டுக்கு வரும் மீன்காரி செல்லம்மா கூடையைத் தெருவில் போட்டுவிட்டு, தலையை அவிழ்த்து மார்பில் அடித்துப் பாடிக்கொண்டு வந்தபோது, அவளையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

நாலு மாதம் ஆயிற்று. ஞானசெல்வி சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வேதமாணிக்கத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மாலையில் சபைக் கோயில் கூடத்தில் பைபிள் பாட்டுகளைப் பற்றி ஒரு வகுப்பு என்று ஆராதனையில் அறிவித்திருந்தார்கள். கல்லூரி ஆசிரியர் அருள்பிரகாசம் நடத்தினார். வீட்டு அமைதியிலிருந்து தப்பிக்கவே வேதமாணிக்கம் அதற்குப் போனார்.

"வேதமா எல்லாரும் படிச்சாச்சு. இங்க இலக்கியமா படிப்போம்" என்றார் ஆசிரியர். எபிரேயச் சாவுப் பாட்டின் தாளத்தை மேஜையில் தட்டிக் காட்டினார். முதல் பாதியில் மூன்று தட்டு. அடுத்த பாதியில் இரண்டே தட்டு. நடக்கிறவன் கால் இடறி நிற்பது போல.

செல்லம்மா வாசலில் மார்பில் அடித்துக்கொண்டதும் அப்படித்தான் என்று வேதமாணிக்கத்துக்கு நினைவு வந்தது.

"அந்தக் காலத்துல சாவு விழுந்தா, புலம்பத் தெரிஞ்ச பொம்பளைங்களை ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்க. வேதத்துலயே இருக்கு" என்றார் ஆசிரியர்.

வேதமாணிக்கம் பாதியில் எழுந்து காசிமேட்டுக்கு நடந்தார். செல்லம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மொதலாளி, நீயே வந்துட்டே? கடைல உப்பு தீந்துபூட்சா?"

"அன்னைக்குப் பாடுனியே, அதை வந்து பாடணும்."

"வெரட்டுன வாயால கூப்புடுறியா? பொணம் எடுத்து நாலு மாசமாவுது. சும்மா கெடக்குற வூட்ல ஒப்பாரி வெச்சா இன்னொரு சாவு வுழும், தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ இன்னும் அழல செல்லம்மா."

செல்லம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு தபா கூடவா?"

"இல்ல."

கையைக் கழுவிக்கொண்டு அவர் பின்னால் வந்தாள்.

வீட்டில் ஞானசெல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தலையை அவிழ்த்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கூடையில எட்டிப் பாப்பே,
கண்ணு மூடிக்கினே..."

ஞானசெல்வியின் தோள் லேசாக நடுங்கியது. உதடு பிரிந்தது. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்ற வேதமாணிக்கம் பார்த்தார். மூன்று, இரண்டு. மறுபடி மூன்று, இரண்டு. அச்சு அசலாக அதே தாளம்.

ஞானசெல்வி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தை அல்ல, கையை. நிலையில் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன எண்ணுதிய?"

விரல் நின்றது.

"உங்க வகுப்புக்காகவா இவளைக் கூட்டிட்டு வந்திய?"

"இல்ல ஞானம், உனக்காகத்தான்..." என்றார். அது உண்மை. ஆனால் எண்ணியதும் உண்மை.

செல்லம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "பேஜாரு பண்ணிட்டியே மொதலாளி" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஞானசெல்வி எழுந்து அடுக்களைக்குப் போனாள். வேதமாணிக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விசும்பல் ஏதாவது கேட்காதா என்று.

"செல்லம்மா, காப்பி குடிச்சிட்டுப் போ. சீனி கூடப் போடவா?"

நாலு மாதமாக அந்த வீட்டில் கேட்கும் அதே குரல்.