அமாவாசைக்கு லீவு போட்ட பட்டியல்

திருத்தணி நெசவாளர் சங்கத்தின் பேர், தகப்பன் பேர் எழுதிய பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றிப் பட்டியல் போட்டவள் யோகலட்சுமி. ஆறு வருஷ உழைப்பு, கண்ணே பூத்துப்போயிற்று. மாநிலத்தின் நாற்பது காப்பகங்கள் ஒரே வலையமைப்பில் இருந்தாலும், அவரவர் பட்டியல் அவரவர் இடத்துக் கணினியில்தான் ஓடும். எங்கிருந்து யார் தேடினாலும் வலையமைப்பு நாற்பது வாசலிலும் கேட்டு எடுத்துக் கொடுக்கும். பெற்ற பிள்ளையைத் தானே வளர்க்கிற பெருமை அவளுக்கு.

அதற்குத்தான் வந்தது வினை. சென்னைத் தலைமையகத்திலிருந்து அசோக்குமார் போன் செய்தார்.

"மூணு மாசமா, மாசத்துல ஒரு நாள் உங்க பட்டியல் மட்டும் படுத்துடுது மேடம். இன்னொரு தரம் நின்னா நாங்களே எடுத்துக்குவோம். அப்புறம் ஒரு பேரைத் திருத்தணும்னாலும் எங்களுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கணும்."

அவர் சொன்ன தேதிகளைக் காலண்டரில் பார்த்தாள். மூன்றும் அமாவாசை. அன்று தறிக்கும் லீவு, சங்கத்துக்கும் லீவு. இன்னொரு சாவி இருப்பது பெருக்கித் துடைக்கும் தாயாரம்மாளிடம்.

"ஆங், நான்தாம்மா அணைச்சேன்," என்றாள் அவள், கூசாமல். "தறியே அன்னிக்கு ஓடாது. இது மட்டும் ராப்பகலா ஓடிகினே கெடக்குதேன்னு பாவமா இருந்திச்சு. பொட்டு வச்சி அணைச்சிட்டுப் போவேன். மறுநாள் நீ வர்றதுக்குள்ள போட்டுடுவேன்."

திட்ட வாயெடுத்த யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசோக்குமார் அனுப்பிய புகார்களைப் படித்துக் காட்டினாள். எல்லாம் ஒரே பாட்டு: தர்ப்பணத்துக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் வேண்டும், உங்கள் பட்டியல் திறக்கவில்லை.

தாயாரம்மாள் முகம் சுண்டிப்போனது. "அய்யோ, செத்தவங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டேனே!"

ஆடி அமாவாசை வந்தது. மனசு கேட்காமல் லீவு நாளிலும் யோகலட்சுமி ஓடி வந்தாள். கணினி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள் தாயாரம்மாள். அவள் போன் அலறியது. குளக்கரையிலிருந்து மகன் நவீன்குமார்.

"யம்மா, தாத்தா பரசுராமன் வரைக்கும் சொல்லிட்டேன். அவரோட நைனா பேரு கேக்கறாங்க!"

தாயாரம்மாளுக்கும் தெரியாத பெயர். யோகலட்சுமி தேடினாள். பழைய தறிப் பதிவேட்டில் இருந்தது: பரசுராமன், தகப்பனார் கெங்கப்பன், குழித்தறி ஒன்று.

புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள் தாயாரம்மாள். அன்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"கெங்கப்பன்டா! நல்லா சத்தமா சொல்லு, கெங்கப்பன்!"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் அசோக்குமாரிடமிருந்து செய்தி வந்தது. இன்று ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, பட்டியல் உங்களிடமே இருக்கட்டும். யோகலட்சுமி அதைப் படித்துக் காட்டினாள். தாயாரம்மாள் கணினியை ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

"எம்மாம் பேருக்குப் பேரு சொல்லிச்சோ இன்னிக்கு. நாளைக்காவது இதுக்கு லீவு குடும்மா."