மேலவையில் கரோக் மலை

செனட்டர் அட்ராக்டா கில்ரேன் எழுந்து நின்றால் போதும், டப்ளின் மேலவையில் இருக்கிற நாலு பேரில் இரண்டு பேர் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அவள் எதைப் பேசப்போகிறாள் என்பது வாசற்காவலருக்குக்கூடத் தெரியும். கரோக் மலை.

அரசியலுக்கு வருமுன் பாதி ஆயுளை லீட்ரிம் மாவட்டப் பக்கம் மாட்டு வைத்தியத்தில் கழித்தவள் அவள். பிறந்தது கரோக் மலையடிவாரத்தில், கிளெனடாரா பள்ளத்தாக்கில். அண்ணன் ஃபின்டன் இன்னும் அங்கேதான் மாடு வளர்க்கிறான். காற்றாலை கட்ட வந்த கம்பெனி உச்சிவரை சாலை வெட்டியபிறகு, அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அவள் கண்ணை உறுத்தியது. ஓடைத் தண்ணீர் பால் விடாத தேநீர் மாதிரி கறுத்து இறங்கியது. மேலே ஊசியிலை மரங்கள் குடிகாரர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அந்த மலையின் மேல்பாகம் பாறையல்ல; மக்கிய செடிகொடிகள் காலங்காலமாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கரிச்சதுப்பு. அதன் வயிற்றில் கத்தி வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அவையில் தினமும் காலையில் உறுப்பினர்கள் ஆளுக்கொரு விஷயத்தை எழுப்புவார்கள். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அவள் முறை வரும்போது உரிய அமைச்சர் ஒருநாளும் வந்ததில்லை. வேறு ஏதோ துறையின் இணையமைச்சர் வந்து, யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பார். உரிய அதிகாரிகள் உரிய முறையில் கவனித்து வருகிறார்கள் என்று அது முடியும். கிறிஸ்துமஸுக்கு முன் கேட்டாள். பனி உருகியதும் கேட்டாள். அதே வாசகம், அதே குரல்.

"என்ன அட்ராக்டா, உங்க மலைக்கு உடம்பு எப்படி இருக்கு? ஊசி கீசி போட்டீங்களா?" என்றார் கார்க் நகரத்து செனட்டர் கோர்மக் ட்வூமி, தாழ்வாரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி.

"ஊசிக்கெல்லாம் அடங்காது கோர்மக். கழிச்சல் கண்டுடுச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஊரில் நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். "உன் வாயால எத்தனை அடுப்பு அணையப்போகுதுன்னு தெரியுமா? கடையில எவனும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசறதில்ல" என்று ஃபின்டன் தொலைபேசியில் கத்தினான்.

"மலையே சரிஞ்சு வந்தா அடுப்பே இருக்காது ஃபின்டன்."

"அப்பா காலத்துலேருந்து அது அங்கதான் நிக்குது. நீதான் டப்ளின் போய் மாறிட்டே."

பிப்ரவரியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலை, கம்பெனி வேலையிலிருந்து அனுப்பிவிட்ட பொறியாளர் ஒருவர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சாலைக்குக் கீழ விரிசல் ஓடுதும்மா. கையை விட்டுப் பார்த்தேன், தோள்வரைக்கும் உள்ள போச்சு. எனக்குக் குழந்தைகள் இருக்கு. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

அன்று அவையில் அவள் எழுந்தபோது இணையமைச்சர் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. அவை நடப்பை ஒளிபரப்பும் சுவர்க் கேமராவைப் பார்த்தாள்.

"செனட்டர், தலைவரைப் பார்த்துப் பேசணும்" என்றார் அவைத்தலைவர்.

"இத்தனை நாளும் உங்களைப் பார்த்துத்தான் பேசினேன், தலைவரே. இன்னிக்குக் கிளெனடாராவைப் பார்த்துப் பேசறேன். பேக்கி ரூனி, பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் குடியிருக்கீங்க, இன்னிக்கே கிளம்பிடுங்க. ஃபின்டன், மாடுங்களைத் தேவாலய மேட்டுக்கு ஓட்டு. ஓடைக்கரையில யாரும் இருக்காதீங்க. மலை நகருது."

"இதை யார் சொன்னாங்க உங்களுக்கு? பேரைச் சொல்லுங்க!" என்று இணையமைச்சர் பாதி எழுந்தார்.

"சொல்ல மாட்டேன்."

தலைவர் மணியை அடித்தார். அவள் திரும்பவும் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லத் தொடங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வெளியேறச் சொன்னார்கள், வெளியேறினாள்.

பள்ளத்தாக்கில் சிலர் பயந்துபோய் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழை நின்று வெயில்கூட அடித்தது. போனவர்கள் வெட்கத்தோடு திரும்பினார்கள். ஒரு பத்திரிகை, அவள் பிரளயத்துக்குப் பயந்து மாடுகளைக் கப்பலில் ஏற்றுவதுபோலக் கேலிப்படம் போட்டது. பேசியதைத் திரும்பப் பெறும்படி தலைவர் அவளை அறைக்கு அழைத்துச் சொன்னார்.

"நான் சொன்னது பொய்யாப் போனா முதல்ல சந்தோஷப்படறவ நான்தான். ஆனா திரும்ப வாங்க மாட்டேன்" என்றாள்.

மறுபடி மழை பிடித்த ஒரு சனிக்கிழமை ஃபின்டன் கூப்பிட்டான். "பசு கன்னு போட முடியாம தவிக்குது. டாக்டர் ஊர்ல இல்ல. அரசியல் பேசாம வரதுன்னா வா."

போனாள். தொழுவத்தில் மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, பசுவின் உள்ளே கையை விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருந்தாள். சட்டென்று கை நின்றது.

"ஓடைச் சத்தம் எங்க?"

"என்ன?"

"ஓடை, ஃபின்டன். சத்தமே காணோம்."

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு கணமும் ஓயாத சத்தம் அது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபின்டன் கதவருகே போய்ப் பார்த்தான். பாலத்தடியில் வெறும் கூழாங்கற்கள் மின்னின. "தண்ணியே இல்ல, வெறும் கல்லு" என்றான்.

"மலை சரிஞ்சு ஓடையை மேல அடைச்சுக்கிச்சு. வா, போலாம்" என்றாள் அட்ராக்டா.

"பசு?"

"விட்டுட்டு வா!"

பாதிப் பிரசவத்தில் ஒரு பசுவை விட்டு அவள் எழுந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேவாலய மேட்டில் ஏறினாள். ஏறிக்கொண்டே வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பேக்கி ரூனி மட்டும், "இப்பதான் டீ போட்டேன் செனட்டர் அம்மா, குடிச்சிட்டு வரேனே" என்றார்.

முதலில் இரைச்சலே இல்லை. மேலே காடு நகர்ந்தது. மரங்கள் விழவில்லை, நின்ற வாக்கிலேயே, கூட்டமாக, இறங்கி வந்தன. அவற்றுக்கு அடியில் கறுப்புச் சேறு, பொங்கி வழியும் கஞ்சிபோல, அவசரமில்லாமல் வந்தது. பிறகு வேகம் பிடித்தது. பசுவின் கதறல் ஒருமுறை கேட்டது. தொழுவம், வீடு, பாலம் எல்லாம் போயின. ஃபின்டன் தங்கையின் கையை விடவே இல்லை. அந்தக் கையில் பசுவின் ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது.

பேக்கியின் உடலைப் பல நாள் தேடி, பள்ளத்தாக்குக்குக் கீழே ஏரிக்கரையில் கண்டெடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவை நிரம்பி வழிந்தது. எல்லோரும் பேக்கிக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். கோர்மக் அவள் பக்கம் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இணையமைச்சர் ஆழ்ந்த வருத்தத்தை வாசித்தார், விசாரணை நடக்கும் என்பதை வாசித்தார். பிறகு தலைவர் அவளை மிக மரியாதையாக அழைத்தார்.

"வந்தது பாதிதான்" என்றாள் அட்ராக்டா. "சாலைக்கு மேல இருக்கிற மீதி இன்னும் தொங்குது. அதுக்கு அடியில பள்ளிக்கூடம் இருக்கு. நாளைக்குக் காலையில பிள்ளைங்க போகலாமா, கூடாதா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இணையமைச்சர் தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுபோறேன், செனட்டர்" என்றார்.

சாயங்காலம் அவள் தன் லீட்ரிம் வீட்டுக்குத் திரும்பியபோது ஃபின்டன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்கு அதுதான் வீடு. ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவாமலே அவள்முன் வைத்தான்.

"என்ன சொன்னான்?"

"கவனத்துக்குக் கொண்டுபோறானாம்."

ஃபின்டன் கத்தியைத் துடைத்து வைத்தான். "அடுத்து எப்ப பேசறே?"

"செவ்வாய்க்கிழமை."

"நானும் வரேன். ஊர்க்காரங்க அத்தனை பேரையும் பஸ்ல கூட்டிட்டு வரேன். மேல பார்வையாளர் இடத்துல உக்காந்துக்கறோம். அவன் எங்களைப் பார்த்து வாசிக்கட்டும்."

"அதுவரைக்கும் பள்ளிக்கூடம்?"

"டீச்சரே சாவியைக் கொடுத்துட்டாங்க, என்கிட்டதான் இருக்கு. மத்தியானமே பூட்டிட்டேன்" என்றான்.

ஜன்னலில் மறுபடியும் மழை விழத் தொடங்கியது. இருவரும் ரொட்டியைத் தொடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.