கம்மாய்க்கரைத் தெருவில் விழுந்த பூட்டு

மகன் வினோத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை, உறவுக்காரி ஒருத்தி தங்கபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத. இனிமேலாவது ஒனக்கு நிம்மதின்னு நெனச்சுக்கோ" என்றாள்.

தங்கபாய் கையை உதறினாள். "ஏட்டி, எந்திரிச்சு வெளிய போ."

அன்றைக்கு ஏறிய கோபம் பிறகு இறங்கவே இல்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வினோத் லோடு ஆட்டோ ஓட்டினான். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மாங்காய் ஏற்றி வரும்போது வண்டி கவிழ்ந்து இடுப்பில் அடி. வலிக்குத் தின்ற மாத்திரையை வலி போன பிறகும் அவனால் விட முடியவில்லை. பிறகு அதையே கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கூட்டத்தோடு சேர்ந்தான். தங்கபாய் அடித்தாள், கும்பிட்டாள், ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். திருத்தித் தருகிறோம் என்ற ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள். பார்க்கப் போனபோது அவனைக் கட்டிலோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அப்போதே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கம்மாய்க்கரைத் தெருவில் ஒரு சிகிச்சை மையம் திறந்தார்கள். காலையில் போனால் நர்ஸ் வெங்கடேஸ்வரி போதை ஏக்கத்தை அடக்கும் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, அது கரையும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஊசியை விட முடியாதவர்களிடம் பழையதை வாங்கிக்கொண்டு புதிது கொடுப்பாள், நோய் தொற்றிவிடக் கூடாதென்று. யாரையும் ஏசுவதில்லை. வினோத் முதல் பஸ்ஸில் போய் மாத்திரை வைத்துக்கொண்டு வந்து லோடுக்குக் கிளம்பிவிடுவான். உடம்பு தேறியது. மீன்குழம்பில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டைகூடப் போட்டான். தங்கபாய்க்கு அந்தச் சண்டையே போதுமாயிருந்தது.

தெருக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்த வேல்சாமிதான் தெருச் சங்கத் தலைவர். பொம்பளைப் பிள்ளைகள் நடமாடும் தெருவென்று சொல்லி, ஒருநாள் விடிகாலையில் ஆட்களோடு போய் மையத்தின் கேட்டில் தன் கடைப் பூட்டையே போட்டுவிட்டார். பேசித் தீர்ப்போம் என்றார்கள் அதிகாரிகள். பூட்டை யாரும் உடைக்கவில்லை.

"பூட்டிட்டாவம்மா" என்று வந்து நின்றான் வினோத்.

"நாளைக்குத் தொறப்பாவலே."

"தொறக்க மாட்டாவ. போலீசு வேற நிக்கி. எங்களத்தான் வெரட்டுதாவ."

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகால் உதறியது. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று தங்கபாய் லீவு கேட்டுவிட்டு வருவதற்குள் அவன் வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தான். எவனோ விற்ற தூளில் என்ன கலந்திருந்ததோ. கூட இருந்தவன் போலீஸுக்குப் பயந்து ஓடிவிட்டான். மூச்சு திணறும்போதே யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று வெங்கடேஸ்வரி வந்து அழுதாள்.

மையத்தைத் திறப்பதா வேண்டாமா என்று ஊரார் கருத்தைக் கேட்க அதிகாரிகள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தங்கபாய் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

வேல்சாமி மைக்கைப் பிடித்தார். "ஊசியும் குடுத்து மாத்திரையும் குடுத்தா இந்தப் பயலுவ எப்படித் திருந்துவானுவ?"

கை தட்டினார்கள். தங்கபாய் எழுந்தாள்.

"செத்தவன் எப்படிய்யா திருந்துவான்?"

மைக்கை யாரும் நீட்டவில்லை. அவளுக்கு அது தேவைப்படவுமில்லை.

"எம் மவன் வினோத்து. ஒங்க தெருவுக்குத் தெனமும் வந்தான். எவளையாவது ஏறிட்டுப் பாத்தானா? எதையாவது களவாண்டானா? மாத்திரைய வாயில வச்சான், வேலைக்குப் போனான். நீ பூட்டு போட்ட. அவன் செத்தான். பூட்டுனவன் நல்லவன், செத்தவன் கெட்டவனா?"

"அக்கா, ஒங்க வருத்தம் புரியுது..." என்றார் வேல்சாமி.

"புரியாது. நீ உக்காரு."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அப்ரோஸ் பேகம். தெருவுக்கே தெரிந்த முகம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"முன்னெல்லாம் எங் கடை முன்னால வாறுகால் சாக்கடைல ஊசியாக் கெடக்கும். எம் மவ கால்ல ஒண்ணு குத்தி, ரத்த டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் நாங்க தூங்கல. இந்த ஆஸ்பத்திரி வந்த பொறவு ஒரு ஊசி கூட நான் பாக்கல. பூட்டுனீங்க, இப்ப மறுபடியும் கெடக்கு. பொம்பளப் புள்ளைகளுக்காகப் பூட்டுனேன்னு சொல்லாதிய. பழைய கட்டடத்துக்காரர் இனி எடம் தர மாட்டாருன்னா எங் கடை மாடிய எடுத்துக்கோங்க."

அவளுக்குப் பிறகு ஒரு ஆட்டோக்காரர் எழுந்தார். பிறகு பால்கோவாக் கடை அம்மா. மகனைப் பற்றி வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரு அப்பா எழுந்து, கையை மட்டும் தூக்கி நின்றார். கடைசியில் திறக்க வேண்டும் என்று கை தூக்கியவர்கள்தான் அதிகம்.

அப்புறமும் அனுமதி, ஆய்வு என்று மாதங்கள் போயின. அதற்குள் இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் தங்கபாய் போனாள். நிம்மதி என்ற வார்த்தையை யாரும் எடுக்காதபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தையல் கடை மாடியில் மையம் திறந்த அன்று வேல்சாமி நாலைந்து பேரோடு வந்தார். மாடிப்படியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் தங்கபாய்.

"எந்திரிங்கக்கா. தெருப் பிரச்சினை இது."

"என்னைத் தூக்கி எறிஞ்சிட்டு மேல போ."

அவர் அப்ரோஸ் பேகத்தைப் பார்த்தார். அவள் கடை வாசலில் நின்று, கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரும் அவர் பக்கம் வந்து நிற்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மாத்திரைக்கு வந்தவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் படியேறினார்கள். ஒருவன் இறங்கி வரும்போது கும்பிட்டான். கண் குழி விழுந்து, சட்டை தொளதொளத்து, வினோத் வயதுதான் இருக்கும்.

"என்னத்துக்குலே கும்பிடுத? நாளைக்கு வா" என்று சீறினாள். "வரலேன்னா வீட்டுக்கே வருவேன்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வெயில் ஏறும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் வருகிறார்கள், வினோத்தும் வந்திருப்பானே என்று நினைக்கும்போதெல்லாம் கோபம் கொதித்து வந்தது. பிறகு எழுந்து, மதிய ஷிப்டுக்கு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.