இரண்டரை மூட்டை

என் மனைவி நோரீன் லப்பக் நகரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து மாதமாகிறது. போகும்போது பஸ்ஸில்தான் போனாள். "உன் வண்டியில ஏறினா என் முதுகெலும்பு கழண்டு கையில வந்துடும்" என்றாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேலையில் இறங்கினேன்.

என் பிக்கப் வண்டி ஐம்பத்தாறாம் வருடத்து மாடல். முன்னால் இரும்பு உத்தரம் மாதிரி ஒரே ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் பல் ஆடும். அத்தனையையும் அறுத்துப் போட்டுவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் புது சஸ்பென்ஷன் வைத்தேன். வண்டி மெத்தையாகிவிட்டது. நோரீனைக் கூட்டிவரப் போகலாம் என்று நெடுஞ்சாலையில் ஏற்றினால் சனியன் இடப்பக்கமே, எதிர்வண்டிகள் வரும் பக்கமே, இழுத்தது. அதுவும் எதிரே மாட்டு லாரி வரும்போதுதான் அதற்கு ஆசை அதிகம். இதை நம்பி அவளை எப்படி ஏற்றுவது?

குளிர்காலம் முழுக்க அதன் அடியிலேயே கிடந்தேன். டயர் காற்றைப் பார்த்தேன். சக்கரத்தைத் திருப்பும் டை ராடுகளை மாற்றினேன். ஸ்டீரிங் பெட்டியின் போல்ட்டுகளை முறுக்கி முறுக்கி என் மணிக்கட்டு வீங்கியது. இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை அசைக்க, இன்னொருத்தர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். நான் ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டு இறங்கி ஓடுவேன். படுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் அசைந்து முடிந்திருக்கும். டயருக்கு டயர் அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை; ஆணி அடித்து மாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் அந்த ஆணியைப் பார்த்து அழுதேன்.

கடைசியில் டார்லாவின் டயர் கடைக்கு ஓட்டிப் போனேன். என்னோடு ஒரே பள்ளியில் படித்தவள், நாக்கு ரம்பம். வண்டியைத் தூக்கி ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் கெட்டியாத்தான்யா இருக்கு. வெல்டிங்கூட பரவாயில்ல, கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பிடிச்சிருக்கு. வீல் அலைன்மென்ட் எப்படி வச்ச?"

"ஆள் உக்காந்த மாதிரி எடை ஏத்தி வச்சேன். முறையாத்தான்."

"என்ன எடை?"

"அம்பது பவுண்டு தீவன மூட்டை. என் பக்கம் நாலு."

"உன் பக்கம்னா? அந்தப் பக்கமும் ஏத்தினியா? எத்தன?"

நான் தொப்பியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"ரெண்டரை" என்றேன்.

அவள் மனதில் எடை போட்டுப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. "நோரீனா?"

தலையாட்டினேன்.

"அடப்பாவி! பொண்டாட்டிய மூட்டையால எடை போட்டவன் இந்த மாவட்டத்துலயே நீ ஒருத்தன்தான்யா. ரெண்டு பேரு எடைக்கு வண்டிய அமைச்சுட்டு ஒத்தை ஆளா ஓட்டினா? அந்தப் பக்கம் தூக்கிக்குது, சக்கரத்தோட சாய்வு மாறுது, இழுக்குது. புது ஸ்பிரிங் வேற ரொம்ப இளக்கம்." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அவ வர்றேன்னு சொன்னாளா?"

"இன்னும் கேக்கல. வண்டி சரியாகட்டும்னு..."

"எப்படி ஓடப்போகுதோ அப்படித்தான் நான் வச்சுத் தருவேன். ஒருத்தரா, ரெண்டு பேரா? கேட்டுட்டுச் சொல்லு."

மேஜை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளிவிட்டு, மரியாதைக்காக வாசலில் போய் நின்றாள். நான் எண்களை அழுத்தினேன். நோரீனே எடுத்தாள்.

"நான்தான். வண்டிய மாத்திட்டேன். முன்னாடி எல்லாமே புதுசு. மடியில தண்ணி டம்ளர வச்சிட்டு வந்தாலும் சிந்தாது. நாளைக்கு வந்து கூட்டிட்டு வரவா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ குறைத்தார்கள்.

"லாய்டு" என்றாள். கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை. "நான் வண்டிக்காகவா போனேன்?"

முப்பது வருஷமாக அவள் இப்படி எதையாவது கேட்பதும், நான் பதில் சொல்லாமல் ஷெட்டுக்குப் போவதும்தான் நடந்தது. இங்கே எழுந்து போக ஷெட் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

டார்லா உள்ளே வந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

"ஒருத்தர்" என்றேன்.

"அப்ப மூட்டையெல்லாம் வேண்டாம். நீயே ஏறி உக்காரு. நேரா பாத்து உக்காரு, அசையாத."

ஏறி உட்கார்ந்தேன். அவள் அடியில் படுத்து முறுக்க முறுக்க, ஸ்டீரிங் என் கைக்குள் மெதுவாக நேராகிக்கொண்டு வந்தது.